எடைமேடைக்காரரின் எடை

என் அக்காவின் கணவர் இருபத்திரண்டு வருடமாக லாரி எடைமேடையில் வேலை பார்த்தவர். காய்ந்த மணல் என்று சொல்லி ஈர மணலை ஏற்றிவரும் டிரைவர்களிடம், "யார் காதுல பூ சுத்துறே?" என்று கேட்டு வண்டியைத் திருப்பி அனுப்புவார். குடிப்பழக்கம் கிடையாது, டீகூட அரை கிளாஸ்தான். அவருக்குப் போய்க் கல்லீரல் கெட்டுவிட்டது. "ரகசியமா குடிச்சிருப்பாரோ?" என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரரை நான் அடிக்காமல் விட்டதே பெரிய விஷயம்.

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை ஒன்றுதான் வழி, அதைத் தாங்க உடம்பில் தெம்பு வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அக்கா விடுவாளா? பால், முட்டை, பருப்பு என்று மடியில் வைக்காத குறையாக ஊட்டினாள். வாராவாரம் எடை பார்த்தாள். ஒரே மாதத்தில் நாலு கிலோ ஏறியிருந்தது. மருத்துவமனைக்குக் கிளம்பும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அங்கே சாப்பாட்டு ஆலோசனை சொல்பவள் ஒரு சின்னப் பெண். எடைச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, மச்சானின் மேல்கையை நாடாவால் அளந்தாள். நாற்காலியில் ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னாள். மூன்றாவதிலேயே அவருக்கு மூச்சு வாங்கியது. கைப்பிடியின் பலம் பார்க்கும் கருவியைக் கொடுத்து, "நல்லா அழுத்துங்க சார்" என்றாள். முகம் சிவக்க அழுத்தினார். முள் பன்னிரண்டு கிலோவைத் தாண்டவில்லை; இருபத்தைந்துக்கு மேல் போக வேண்டுமாம்.

"ஏறினது சதை இல்லைம்மா, வயித்துலயும் கால்லயும் சேர்ந்த தண்ணி. சதை கரைஞ்சுக்கிட்டே இருக்கு. இந்த நிலைமையில ஆபரேஷன் தாங்க மாட்டார். ரெண்டு மாசத்துல தெம்பு ஏறியே ஆகணும்."

"அப்போ நான் ஊட்டினதெல்லாம்?" என்றாள் அக்கா.

வயிற்றைத் தண்ணீர் அடைத்திருப்பதால் இரண்டு வாயிலேயே நிறைந்துவிடுகிறதாம். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி கொடுக்க வேண்டுமாம்.

அக்கா மருந்து வாங்கப் போனதும் நான் மச்சானைப் பிடித்துக்கொண்டேன். "மணல்ல இருக்கிற தண்ணியையே கண்டுபிடிக்கிறவர் நீங்க. இது தெரியலையா?"

"முதல் வாரமே தெரியும் மாப்ளே. எடையைப் பார்த்துட்டு உங்க அக்கா சிரிச்சா. எப்படிச் சொல்றது?"

ஒரு மாதம் வீணாய்ப் போயிருந்தது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

கேண்டீனில் அக்கா ஒரு முட்டையை உரித்து, பாதியைப் பிட்டு அவர் வாயில் வைத்தாள். அவர் மென்றார். மென்றுகொண்டே இருந்தார்.

"முழுங்குங்க. எனக்காக முழுங்குங்க" என்றாள்.

அவர் கண்ணில் நீர் வந்ததே தவிர, முட்டை தொண்டைக்குள் இறங்கவில்லை. அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் இருவரும்தான் எச்சிலை விழுங்கினோம்.