அண்டா ஏறிய ஜீப்

திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. எந்தப் பெட்டி எந்த லாரியில் எந்த ஊருக்குப் போகிறது என்று கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். லூதியானா, கான்பூர், குவாஹாட்டி என்று நாள் முழுக்க அடித்துக்கொண்டிருப்பேன். அடிக்கிற கைக்குச் சொந்தக்காரி போன அதிகபட்ச தூரம் வேளாங்கண்ணி, அதுவும் நடந்து. ஒரு தகரப் பெட்டி போய்விட்டு வருகிற ஊருக்கு, மெக்கானிக்கல் படித்த நான் ஏன் போகக் கூடாது என்று ஒரு மத்தியானம் தோன்றியது. அதற்கப்புறம் அந்த நினைப்பு என்னை விடவே இல்லை.

போக நினைத்த இடம் ஸ்பிதி. இமாசலத்தில் மரம் செடி இல்லாத மலைகள், நடுவே ஓர் ஆறு, ஆற்றை ஒட்டி ஒரு மண் ரோடு. எங்கள் ஊர்க் காற்றில் எப்போதும் ஏதாவது ஒரு வாசனை இருக்கும். மணலிப் பக்கமிருந்து அடித்தால் ஒன்று, கொடுங்கையூர்ப் பக்கமிருந்து அடித்தால் இன்னொன்று. வாசனையே இல்லாத காற்று மூக்கில் எப்படி ஏறும் என்று தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். சொன்னால் சிரிப்பார்கள் என்று அண்ணனிடம் மட்டும் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "பனி கெடைக்குமா?" என்று கேட்டான்.

அண்ணன் கப்பல் வேலைக்குப் படித்துவிட்டு அழைப்புக்காகக் காத்திருந்தான். ஏறினால் ஒன்பது மாதம் இறங்க முடியாது. இறங்கியதும் அவனுக்குக் கல்யாணம் என்று ராயபுரத்துப் பெண் வீட்டில் பேசி முடிவாகியிருந்தது. அவன் துணை இல்லாமல் என்னை அவ்வளவு தூரம் அனுப்ப மாட்டார்கள். ஆக, போனால் அவன் கப்பல் ஏறுவதற்கு முன்னால் போக வேண்டும். இல்லையென்றால் இல்லை.

மணலியில் ஒரு கம்பெனி கழித்துவிட்ட பழைய ஜீப் ஒன்றை இருவருமாகச் சேர்ந்து வாங்கியிருந்தோம். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. கியருக்குப் பக்கத்தில் அதற்கென்றே இருக்கும் இரண்டாவது கம்பியைத் தள்ளி, முன்சக்கரங்களும் சேர்ந்து இழுப்பதை முதல் தடவை உணர்ந்தபோது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மண்ணைக் கவ்வுகிற மாதிரி பெரிய கட்டை வைத்த டயர் மாட்டினோம். காற்று இழுக்கும் குழாயை முன்கண்ணாடி உயரத்துக்கு ஏற்றினோம், ஆற்றில் இறங்கினால் இன்ஜின் தண்ணீர் குடிக்காமல் இருக்க. பின்சீட்டைக் கழற்றிவிட்டு பிளைவுட் அடித்துப் படுக்கை செய்தோம். எதை எங்கே வைத்தால் பாரம் சரியாக உட்காரும் என்று நான் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மேலே கேரியர் செய்ய எர்ணாவூரில் ஒரு வெல்டரிடம் போனோம். அவர் வாழ்க்கை முழுக்க டிரெய்லருக்கு வெல்டு வைத்தவர்.

"பெட்டியத் தூக்கி வெச்சாலும் அசையாது பாரு" என்று தடித்த இரும்பு ஆங்கிளை எடுத்தார்.

"பெட்டி இல்லண்ணா. டென்ட் மட்டுந்தான்."

"டென்ட்டா? வூட்ட வுட்டுப் போய் அங்க இன்னொரு வூடு கட்டப் போறியா? போ நைனா, இவள கூட்டினு போய் டீ வாங்கிக் குடு" என்றார் அண்ணனிடம். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் தடித்த ஆங்கிளிலேயே பாதி முடிந்திருந்தது.

சாயங்காலங்களில் மாதா கோயில் மதிலோரம் நிறுத்திய ஜீப்பில் இருவரும் சும்மா உட்கார்ந்திருப்போம். அண்ணன் போனில் ரோட்டைத் தள்ளித் தள்ளிக் காட்டுவான். நாக்பூர் வரும், ஆக்ரா வரும். இன்ஜினை ஆன் செய்யாமலே நான் கியர் மாற்றுவேன். தெருப் பெண்கள் பார்த்துவிட்டு, "எங்கடி, டெல்லி தாண்டிட்டியா?" என்பார்கள். "இன்னும் இல்லக்கா, டிராஃபிக்" என்பேன்.

எல்லாம் சரி, அம்மா ஒப்புக்கொள்ள வேண்டுமே. அப்பாவுக்கு அம்மா சொன்னதுதான் சட்டம். அம்மா ஒரு நாள் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தாள். கூடவே சித்தி. வருஷா வருஷம் எங்கள் தெருவிலிருந்து வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை போகும் கூட்டத்துக்குச் சமையல் பொறுப்பு சித்திதான். நடப்பவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டி வரும். அதில் என்ன ஏற்ற வேண்டும், எதன்மேல் எதை வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு.

"சோத்துக்கு இன்னா பண்ணுவீங்க?" என்றாள் அம்மா.

"சின்ன ஸ்டவ் கீதும்மா. ரெண்டு பேருக்குப் போதும்."

"ரெண்டு பேருக்கு ஆக்கினு போய், வழில யாராச்சும் வந்து நின்னா? மூஞ்சத் திருப்பிக்குவியா?"

"மலைல யாரும்மா வரப் போறா?"

"அதான் சொல்றேன். யாருமே இல்லாத எடத்துக்குப் பொண்ண எப்புடி அனுப்பறது?"

பேச்சு எங்கே போகிறது என்று அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "சித்தி, நீயே ஏத்திக் குடு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். நான் அவனை முறைத்தேன். "சும்மா கெட. அண்டா ஏறுனாத்தான் அம்மாவோட சம்மதம் ஏறும்" என்று காதில் சொன்னான்.

ஏறியது. முதலில் அண்டா, அதற்குள் அரிசி மூட்டை. பெரிய கேஸ் சிலிண்டர், அடுப்பு, தண்ணீர் டிரம், தார்ப்பாய், ஜமுக்காளங்கள், ஒரு மூட்டை வெங்காயம். முன்கண்ணாடிக்குப் பின்னால் மாதா படம். சித்தி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேரியர் மேல் நின்றவர்களிடம் "தள்ளு, இன்னும் எடம் கீது" என்று கத்திக்கொண்டிருந்தாள். என் கணக்கையெல்லாம் வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டேன். கடைசிக் கயிறு கட்டியதும் அம்மா வண்டியை ஒரு தட்டுத் தட்டினாள். "ம். இப்பப் போலாம்" என்றாள். அந்த ஒரு வார்த்தைக்காக அப்போது நான் வெங்காயத்தை இன்னொரு மூட்டைகூட ஏற்றியிருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்ததும், காட்டுப்பள்ளி மணலில் ஓட்டிப் பார்க்கலாம் என்று மீஞ்சூர் வழியாகப் போனோம். நான் ஓட்டினேன். தெருவுக்குள் ஊர்ந்தவரை ஒன்றும் தெரியவில்லை. ரோடு விட்டுக் கொடுத்து வேகம் பிடித்ததும், வண்டியின் பின்பக்கம் மட்டும் தனியாக ஏதோ யோசனையில் இருந்தது. நான் இடது போனால் அது கொஞ்சம் பொறுத்து வலது போனது. பாதயாத்திரை வண்டி நடப்பவர்களின் வேகத்தில் போகும். அந்த வேகத்தில் எதை ஏற்றினாலும் தாங்கும். எங்கள் தெருவுக்குத் தெரிந்த நெடும்பயணம் அது ஒன்றுதான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரேக்கில் காலை வைப்பதற்குள் ஒரு பள்ளம். டமார் என்று சத்தம். வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

பின்னால் வந்த டிரெய்லர் டிரைவர் இறங்கி, குனிந்து பார்த்தார். மேலே அண்டாவைப் பார்த்தார்.

"கல்யாணமா?"

"இல்லண்ணா. ஸ்பிதி."

"அது எந்தப் பக்கம் கீது? மீஞ்சூர் தாண்டியா?"

அண்ணன் ரோட்டோரம் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். உடைந்தது பின்சக்கரத்து ஸ்பிரிங் பட்டை மட்டும்தான், இரண்டு நாளில் மாற்றிவிடலாம் என்று நினைத்திருந்தோம்.

பட்டறையில் தூக்கிப் பார்த்தபோது, சேசிஸ் சட்டத்தில் பட்டை உட்காரும் இடமே பிய்ந்திருந்தது. நாங்கள் ஆசையாக அடித்த கறுப்பு பெயிண்டுக்கு அடியில் உப்புக்காற்று அரித்துவைத்திருந்தது. அழகாக இருந்த இடத்தில் மெக்கானிக் திருப்புளியை வைத்து அழுத்தினார். பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ண வேண்டும், வாரக்கணக்கில் ஆகும் என்றார். அந்தப் பட்டறையில் நின்றுகொண்டிருந்தபோதே ஒரு நாள் அண்ணனுக்குப் போன் வந்தது. பேசிவிட்டு வந்து டயரைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"இன்னாடா?"

"வரச் சொல்ட்டாங்க."

மெக்கானிக் ரேடியோவில் ஏதோ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

வண்டி தயாரானது அவன் கிளம்பும் வாரம். மெக்கானிக் தடித்த கேரியரைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, லேசான குழாயில் ஒன்று செய்து தந்திருந்தார். கப்பல் வேறொரு துறைமுகத்தில் நின்றது, பிளேனில் போய்த்தான் ஏற வேண்டும். விமான நிலையத்துக்கு ஜீப்பிலேயே போகலாம், நீயே ஓட்டு என்றான் அண்ணன். பக்கத்து சீட்டில் காலைத் தூக்கி டேஷ்போர்டில் வைத்துக்கொண்டு, "நாக்பூர் வந்துச்சா?" என்றான் கத்திப்பாராவில். "தாண்டிட்டோம்" என்றேன்.

பையை எடுத்துக்கொண்டு இறங்கியதும், ஜன்னலுக்குள் தலையை விட்டான். "ஒன்பது மாசம் நான் தண்ணியப் பாத்துகினு இருப்பேன். நீ மலையப் பாத்துட்டு எப்பிடி கீதுன்னு சொல்லு."

"யார் கூடடா போறது?"

"அதான் தெரியல" என்றான். பின்னால் போலீஸ்காரர் விசில் அடித்தார்.

திரும்பும்போது ஊருக்குள் நுழையாமல் பைபாஸைப் பிடித்தேன். பின்பக்கம் ஆடவில்லை. சொன்ன இடத்துக்கு வளைந்தது. புழலில் பைபாஸ் முடிகிற இடத்தில் வலது பக்கம் போனால் மாதவரம், வீடு. இடது பக்கம் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி, அப்புறம் ஆந்திரா, அப்புறம் அப்படியே மேலே. ஓரமாக ஒரு மர நிழலில் நிறுத்தினேன். லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன.

அம்மா போன் செய்தாள். "எங்கடி கீற?"

"புழல்ல."

"உள்ள போய்ட்டானா?"

"போய்ட்டான்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. எனக்கு ஏன் அப்படிக் கேட்கத் தோன்றியது என்று தெரியவில்லை. "அம்மா, நீ வரியா?"

"எங்க?"

"ஸ்பிதிக்கு."

"மூஞ்சியப் பாரு. சோறு ஆறுது, வந்து சேரு" என்று வைத்துவிட்டாள்.

டீசல் பாதிக்கு மேல் இருந்தது. பின்னால் படுக்கை விரித்தபடியே இருந்தது. நிழல் ஜீப்பை விட்டு நகரும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் வண்டியை எடுத்து வலது பக்கம் திருப்பினேன். ஸ்டியரிங் அவ்வளவு லேசாக இருந்தது.