மொச்சை என்று சொன்னேன்

வியாழக்கிழமை சாயங்காலம் மகனுடைய போன் அடித்தால் அது எனக்குத்தான். திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் எனக்குப் புற்றுநோய்க் கட்டியை எடுத்த பிறகு, அங்கிருந்து ஒரு நர்சம்மா வாராவாரம் கூப்பிடுவார். என்னைப் போன்றவர்களின் பயத்தைப் போனிலேயே கேட்டு ஆற்றுவதுதான் அவருக்கு வேலை.

போனைக் காதில் வைத்தால் கன்னம் பட்டு லைன் கட்டாகிவிடும். அதனால் மகன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வான். கட்டி இருந்தது மார்பில். அந்தச் சொல்லை அவன் காதுபட நான் சொன்னதே இல்லை. 'அந்த எடம்' என்பேன். அவன் தரையைப் பார்ப்பான்.

நர்சம்மா முதலில் கேட்பது எப்போதும் ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன வெஞ்சனம்மா?" சோற்றுக்கு என்ன தொட்டுக்கொண்டேன் என்று நான் சொல்லும் பதிலிலேயே, சாப்பிட்டேனா, தூங்கினேனா என்பதையெல்லாம் பிடித்துவிடுவார்.

அந்த வாரம் குளிக்கும்போது தழும்பின் ஓரத்தில் கைக்கு ஒன்று தட்டுப்பட்டது. அதன் பிறகு அங்கே சோப்புப் போடவே பயம். மருமகள் பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். மகனிடம் எப்படிச் சொல்ல? வியாழனுக்காகக் காத்திருந்தேன்.

போன் வந்தது. மகன் நகரவில்லை.

"என்ன வெஞ்சனம்மா?"

முதல் கட்டியைப் பற்றி ஆஸ்பத்திரியில் அவரிடம், "மொச்சக்கொட்ட கணக்கா இருக்கு தாயி" என்று சொல்லியிருந்தேன். அது ஞாபகம் வந்தது.

"மொச்சை" என்றேன்.

மகன் சிரித்துவிட்டான். "ஏம்மா, கத்திரிக்காயத் தின்னுபுட்டு மொச்சைங்கிற? நான்தான ஆக்குனேன்!"

நர்சம்மா சிரிக்கவில்லை.

"மொச்சையா? பழசாம்மா, புதுசா?"

"புதுசு."

"எங்கிட்டு வாங்குனீக?"

"பழைய கடைய ஒட்டுனாப்ல."

"அமுக்குனா நசுங்குதா, கல்லு மாதிரி இருக்கா?"

"கல்லு, தாயி." குரல் உடைந்துவிட்டது.

மகன் சிரிப்பை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தான்.

"தம்பி, நாளைக்குக் காலையில அம்மாவக் கூட்டிட்டு வந்துருங்க" என்றார் நர்சம்மா.

"எதுக்குங்க? மொச்சை தின்னதுக்கா?"

"கூட்டிட்டு வாங்க தம்பி."

மறுநாள் பஸ் சாணார்பட்டியைத் தாண்டியது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "மொச்சைன்னு சொன்னது… மறுபடியுமாம்மா?" என்றான். நான் சேலைத் தலைப்பைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன்.

ஊசியால் குத்திச் சதை எடுத்தார்கள். முடிவு வந்ததும் கூப்பிடுவதாக நர்சம்மா சொல்லி அனுப்பினார். அதன் பிறகு போன் எதற்கு அடித்தாலும் மகனுக்கு முன்னால் நான் எழுந்துவிடுவேன். ஒரு நாள் சோறு பொங்கக்கூட இருவருக்கும் மனசில்லை.

அன்றுதான் போன் அடித்தது. மகன் எடுத்தான். ஸ்பீக்கரில் போடவில்லை. "கன்னத்துல படாமப் பிடிம்மா" என்று என் கையில் கொடுத்துவிட்டு, வெளியே போய் முதுகைக் காட்டி நின்றான். காதுக்குச் சற்றுத் தள்ளியே பிடித்துக்கொண்டேன்.

"நோவு திரும்பலம்மா. தையல் போட்ட எடத்துல சதை இறுகியிருக்கு. அம்புட்டுத்தான்."

பிறகு எப்போதும்போலக் கேட்டார். "இன்னைக்கு என்ன வெஞ்சனம்?"

அடுப்பே பற்றவைக்கவில்லை.

"கத்திரிக்காய்" என்றேன், வெளியே நிற்பவனுக்கும் கேட்கும்படி.

அவன் திரும்பவில்லை. துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"இரும்மா, வாங்கிட்டு வாரேன்" என்று செருப்பை மாட்டினான்.