மஞ்சள் தொப்பிக் கூட்டத்தில் ஒரு தலை கூடுதல்

டூர் கம்பெனியோடு வெளிநாடு போகிறவர்களை நான் கிண்டல் செய்யாத கல்யாணப் பந்தி எங்கள் சொந்தத்தில் கிடையாது. என் மைத்துனன், அதாவது மனைவியின் தம்பி, அப்படி ஐரோப்பா போய்விட்டு வந்த புதிதில், ரசம் ஊற்றுகிறவர் நின்று கேட்கும் அளவுக்கு ஆரம்பித்தேன்.

"ஏன் மாப்ளே, கழுத்துல அட்டையக் கட்டி உட்டாங்களாமா? கொடியப் புடிச்சவன் பின்னாலயே போனயாமா? எங்க தோட்டத்து ஆடுக பாஸ்போர்ட் இல்லாமயே அப்பிடித்தா போகுதுக."

அவன் சாது. "சோறு நேரத்துக்குக் கெடச்சுதுங்க மாமா" என்று மட்டும் சொன்னான்.

"நாங்க போனா தனியாத்தா போவோம்" என்று இலை முன்னால் உட்கார்ந்து சபதம் போட்டேன். பக்கத்து இலையில் இருந்த என் மனைவி அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டாள். அங்கேதான் வினை.

அவள் மதுக்கரைப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். ஜப்பானுக்கு டிக்கெட், தங்குமிடம், உள்ளூர் ரயில் எல்லாம் அவளே பார்த்துப் பார்த்துப் போட்டாள். பொரியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டே போனைப் பார்த்து ஜப்பான் பாஷை பேசிப் பழகினாள். என் பங்குக்குப் பெட்டியில் ஊறுகாய் வைத்தேன். மீதி நேரத்தில் ஊரெல்லாம் சொல்லி வைத்தேன்.

அவள் ஆசைப்பட்டது கோயிலும் இல்லை, புல்லட் ரயிலும் இல்லை. கியோட்டோவுக்குப் பக்கத்தில் உஜி என்று ஒரு ஊர். அங்கே தேயிலையைக் கையால் சுற்றும் கல்லில் அரைத்துப் பொடியாக்குவார்களாம். முன்பதிவு செய்தால் நாமே உட்கார்ந்து அரைக்கலாமாம். "கிரைண்டருக்குப் பேர் போன ஊர்லருந்து கல்லு சுத்தறதுக்கு பிளேன் ஏறிப் போறதா?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள், சிரிக்காமல். வீட்டில் மற்றவர்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டே பழகியவள். தனக்கென்று கேட்ட ஒரே இடம் அது. காலை பதினொரு மணிக்கு இரண்டு பேருக்கு இடம் போட்டிருந்தாள்.

ஒன்பதேமுக்காலுக்கே கியோட்டோ ரயில் நிலையத்தில் நின்றோம். "இந்தத் தூணுகிட்டயே நில்லுங்க. எந்தப் பிளாட்பாரம்னு கேட்டுப்போட்டு வாரேன். நகந்தறாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். இன்டர்நெட் அவள் போனில் மட்டும்தான். எனக்கும் ஒரு சிம் வாங்கலாம் என்றதற்கு, "எனக்கெதுக்கு, நா என்ன கொழந்தையா?" என்று வீராப்பாக மறுத்தவன் நான்.

மூன்று நிமிஷம் ஆண்பிள்ளை மாதிரி நின்றேன். எதிரே இருந்த பலகையில் ஒரு எழுத்துகூட என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஜனங்கள் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டே இருந்தார்கள். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டு இரைச்சலில் நின்றுகொண்டே தூங்குகிறவன் நான். அந்த அமைதியில் எனக்கு மூச்சு முட்டியது. பாஸ்போர்ட் இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டேன். இருந்தது. மறுபடி தொட்டேன். ஏழாவது தடவை தொட்டபோது கேட்டது:

"ஏனுங்க! அங்க என்னத்தப் பாத்துட்டு நிக்கறீங்க? வெரசா வாங்க!"

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருஷனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. எல்லாப் புருஷனுக்கும் ஒரே பேர்தான், ஏனுங்க. இருபத்தாறு வருஷமாக அந்தப் பேருக்குத் திரும்பிய கால் தானாகத் திரும்பியது. குரலின் பின்னாலேயே படியிறங்கி வெளியே வந்து பார்த்தால், மஞ்சள் தொப்பி போட்ட வேறொரு அம்மா. அவர் கூப்பிட்ட ஏனுங்க எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தார்.

அங்கே முப்பது மஞ்சள் தொப்பிகள் ஒரு பஸ்ஸைச் சுற்றி நின்றன. பவானிப் பேச்சும் பொள்ளாச்சிப் பேச்சும் காதில் தேனாக விழுந்தன. டூர் கம்பெனியின் சமையல்காரர் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார்.

"நீங்களும் நம்ம பஸ்ஸுங்களா? தொப்பி எங்கீங்க?" என்றார் அந்த அம்மாவின் வீட்டுக்காரர்.

"ரூம்ல வெச்சுட்டு வந்துட்டனுங்க" என்றேன்.

"சரி, ஏறுங்க. உப்புமா ஆறிப்போயிரும்."

ஏறினேன். முதல் இரண்டு நிமிஷம் குரலை நம்பிப் பிசகியது. அதற்குமேல் நாற்பது நிமிஷம் தெரிந்தே உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக ஸ்டேஷன் வாசல் தெரிந்தது, நூறடி இருக்கும். அவள் தேடுவாள் என்று தெரியும். படபடப்பு அடங்கட்டும், அடங்கட்டும் என்று இரண்டாம் தட்டு வாங்கினேன். உப்புமாவில் முந்திரி வேறு.

டூர் மேனேஜர் ஏறித் தலைகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். "முப்பத்தொண்ணு வருதுங்களே!" தொப்பியில்லாத தலை ஒன்றே ஒன்றுதான் இருந்தது. யாரும் திட்டவில்லை. அந்த அம்மா மட்டும் கேட்டார்: "பசிக்குச் சாப்ட்டா என்னங்க, பரவால்ல. ஊட்டுக்காரம்மா எங்கீங்க?"

இறங்கி ஓடினேன்.

தூணருகே அவள் இல்லை. வெகுநேரம் கழித்து, ரயில்வே சீருடைக்காரர் ஒருவரோடு வந்தாள். முடி கலைந்திருந்தது. கையில் என் பாஸ்போர்ட்டின் நகல். அதிலிருந்த படத்தைக் காட்டிக் காட்டி விசாரித்திருக்கிறாள். மணி பதினொன்று தாண்டியிருந்தது.

"பாத்ரூம் தேடிப் போனேன் அம்மணி, வழி தப்பிப்போச்சு."

அவள் என் மீசையில் ஒட்டியிருந்த ஒரு கடுகை விரலால் எடுத்துப் பார்த்தாள். பிறகு சுண்டிவிட்டாள். "ஏதோ சாப்டீங்கல்ல, போதும்" என்றாள். குத்திக்காட்டுகிற தொனியே இல்லை. உஜியில் மறுநாளைக்கு இடம் கிடைக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஊருக்கு விமானம்.

இதோடு விட்டிருந்தால் நான் மனுஷன். காரமடையில் ஒரு சீர் வீட்டில், தனியாகப் போன அனுபவம் எப்படி என்று மைத்துனன் கேட்டான். சுற்றிலும் பத்து முகங்கள். என் நாக்கு சும்மா இருக்குமா? "உங்கக்கா ஸ்டேஷன்லயே தொலஞ்சு போயிட்டா மாப்ளே! ஒரு மணி நேரம் தேடி நாந்தா கண்டுபுடிச்சேன்."

எல்லோரும் சிரித்தார்கள். காபித் தட்டோடு வந்த அவள், "ஆமாமா, நாந்தா தொலஞ்சு போனேன்" என்றாள். நானும் சிரித்தேன். அதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

இந்த வருஷம் அவள் ஒரே ஒரு டிக்கெட் போட்டாள். "உஜி போய்ட்டு வந்தர்றனுங்க" என்று, கடைக்குப் போகிற மாதிரி சொன்னாள். அன்று சாயந்திரமே மைத்துனன் போன் செய்தான்.

"எப்பிடிங்க மாமா சம்மதிச்சீங்க? போன தடவையே தொலஞ்சு போனவ அக்கா. அம்மா ஒரே அழுவாச்சி. டிக்கெட்டக் கேன்சல் பண்ணுங்க, எங்க டூர்காரங்ககிட்டயே ஒரு சீட்டுச் சொல்லீரலாம்."

நான் சொன்ன பொய் அவள் பயணத்துக்குக் குறுக்கே வந்து நின்றது. சமாளிக்க ஒரு வேடிக்கைப் பேச்சும் வாய் வரை வந்தது. அதை விழுங்கினேன்.

"மாப்ளே, தொலஞ்சு போனது அவ இல்ல. நா."

முந்திரி வரைக்கும் சொன்னேன். அவன் சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கக்கா தேடி ஓடீட்டிருந்துச்சு, நீங்க பஸ்ல உக்காந்து சாப்ட்டுட்டு இருந்தீங்க. அப்பிடித்தானுங்களா?"

"அப்பிடித்தா."

"அம்மாகிட்ட நா பேசிக்கறேன்." வைத்துவிட்டான். மாமா என்ற சொல் அதில் இல்லை.

அதே அறையில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொன்னதற்கு ஒரு மெடல் கிடைக்கும் என்று வெட்கமில்லாமல் திரும்பிப் பார்த்தேன்.

"இத அன்னிக்குக் காரமடைல சொல்லியிருக்கலாமுங்க" என்றாள். அடுத்த சுடிதாரை எடுத்தாள்.

நானும் வாரேன் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கேட்டிருந்தால், எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு, வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வந்திருக்காது.