பதின்மூன்றாவது முட்டை

சிவக்கொழுந்துக்கு வயது நாலு டசின். அவளே அப்படித்தான் சொல்லுவாள். கோழிகள் அரை டசினும் ஒன்றும். புருஷன் ஒன்றே ஒன்று. அந்த மனிசனை எந்தக் கணக்கிலும் சேர்க்கேலாது என்பாள்.

அச்சுவேலிச் சந்தையில் மற்றவர்கள் முட்டையைச் சோடி சோடியாக விற்க, இவள் மட்டும் டசினில் விற்றாள். மிஷன் பெண்கள் விடுதியின் காய்ச்சல்காரப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு டசின் கொடுத்துக் கொடுத்து, அந்தச் சொல்லையும் பனையோலைக் கடகத்தில் போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அவளுடைய டசினில் பதின்மூன்று முட்டை. முதலாவதை எடுத்து "லாபம்" என்று வைப்பாள். பிறகுதான் "ஒண்டு, ரண்டு". முதல் அளவை லாபம் என்று சொல்லி நெல் அளக்கிற வீட்டில் பிறந்தவள், அதைச் சொல்லாமல் கை ஓடாது. விடுதிப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பழைய மேற்றன் பேசாமல் வாங்கிக்கொண்டார்.

முப்பத்தாறாம் ஆண்டு தையில் புது மேற்றன் நேசம்மா வந்தார். குடைக்கம்பி உடம்பு, ஓயாத இருமல். விடுதி வாசல் படலையிலேயே முட்டைகளை எண்ணிப் பார்த்தார்.

"உதென்ன, பதின்மூண்டு கிடக்கு? டசின் எண்டால் பன்னிரண்டெல்லே?"

"பன்னிரண்டு உங்கடை, அம்மா. மற்றது லாபம்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

"உம்மடை லாபத்தை ஏன் எனக்குத் தாறீர்?"

இத்தனை வருடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. சிவக்கொழுந்து லாப முட்டையை எடுத்துப் படலையோர மதிலில் வைத்தாள்.

"ஆண்டவர்ரை கடைசிப் பந்தியிலை பதின்மூண்டு பேர் இருந்தவை. பிறகு நடந்தது தெரியும்தானே? அந்த எண் விடுதிக்குள்ளை வராது. திருப்பிக் கொண்டு போம். இல்லாட்டி வேறை ஆளிட்டை வாங்குறன்."

லாபம் கடகத்துக்குள் திரும்பினால் கோழி முட்டையிடாது. ஒருமுறை திரும்பியபோது கீரி வந்து பேட்டுக்கோழியையே கொண்டுபோனது. ஆனால் இந்த டசின் போனால் வீட்டு விளக்குக்கு எண்ணெய் இல்லை.

முட்டை மதிலில் இருந்தது. காகம் ஒன்று நடுவராக வந்து குந்தியது. நேசம்மா இருமினார். இருமும்போது தெரிந்த கழுத்தெலும்புக் குழியில் ஒரு முட்டை தாராளமாக நிற்கும் என்று சிவக்கொழுந்து அளந்துவிட்டாள்.

"அம்மா, இதை நீங்கள் குடியுங்கோ."

"என்ன?"

"இஞ்சை, படலைக்கு வெளியாலை நிண்டு. உள்ளுக்கை பன்னிரண்டுதான் போகும். என்ரை கடகத்துக்கும் திரும்பாது."

"பச்சையாவோ!"

"இருமலுக்கு நல்லது."

நேசம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார். தூணில் தட்டி உடைத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு விழுங்கினார்.

"ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதையும்."

"காகத்துக்கும் சொல்லிவிடுறன்."

அடுத்த செவ்வாய் சிவக்கொழுந்தின் மடியில் மிளகும் உப்பும் பொட்டலமாக இருந்தன. அதுவரை கைக்கு வந்ததை லாபம் என்று வைத்தவள், இப்போது புள்ளிக்கோழியின் பெரிய முட்டையைத் தேடி வைத்தாள்.

பங்குனியில் ஒருநாள் நேசம்மா இருமாமல் வந்து படலையில் நின்றார். கழுத்துக்குழியும் தூர்ந்திருந்தது.

"இருமல் விட்டிட்டுது, சிவக்கொழுந்து."

முட்டையுடன் நீட்டிய கை அப்படியே நின்றது. இனி இதை எங்கே கொண்டுபோவது?

நேசம்மா தெருவை இரண்டு பக்கமும் பார்த்தார்.

"மிளகு கொண்டந்தனீரோ?"