கோழிக் கம்பெனி பார்க்கப் போகும் மெஹ்னாஸ் அக்கா

கால் துண்டை உடைத்து, மூட்டுப் பக்கத்து எலும்பை ஒரு தடவை பார்த்துவிட்டு, மெஹ்னாஸ் அக்கா அதைத் தட்டிலேயே வைத்துவிடுவார். தின்பதற்கா வந்தார்? குரோம்பேட்டையோ மேடவாக்கமோ, எந்தக் கம்பெனியின் சிக்கன் கடையானாலும் அடுப்படிக்கு நேர் எதிரே இருக்கும் மேசைதான் அவருக்கு வேண்டும். எண்ணெயை எப்போது மாற்றுகிறார்கள், மாவில் புரட்டுகிறவர் கை கழுவுகிறாரா, பார்சல் வாங்கிப் போகிறவர் முகம் எப்படி இருக்கிறது, எல்லாம் பார்த்தாக வேண்டும். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இத்தனை குடைச்சல் கொடுக்க மாட்டார்கள். பார்த்து முடித்த பிறகு மேனேஜரைக் கூப்பிட்டு, "தம்பி, ஒங்க கம்பெனி பிரான்சைஸ் எடுக்கணும்னா இன்னா செலவாவும்?" என்று ஆரம்பிப்பார்.

கம்பெனி பெயரில் சொந்தமாக ஒரு கடை போட, போன ரம்ஜான் முடிந்ததிலிருந்து இதே அலைச்சல். துபாயில் இருக்கும் மகன் முதாசிர் பணம் போடுகிறேன் என்றான். செம்பாக்கத்தில் சொந்த வீட்டின் முன்பக்கம் கடைக்கு இடமும் இருக்கிறது. கம்பெனிதான் அமையவில்லை. முன்பணம் குறைவாகக் கேட்கிறவன் ராயல்டி என்று மாதா மாதம் விற்பனையில் பங்கு கேட்கிறான். பங்கே வேண்டாம் என்கிறவன் கோழியும் மசாலாவும் தன்னிடம்தான் வாங்க வேண்டும் என்று அதில் விலையை ஏற்றித் தீட்டுகிறான். மெஷினும் நாங்களே தருகிறோம் என்கிறவனிடம், ரிப்பேர் ஆனால் யார் வருவார்கள் என்று கேட்டால் ஒரு போன் நம்பர் கொடுக்கிறான். அவன் கண் முன்னாலேயே அக்கா அந்த நம்பருக்கு அடித்துப் பார்ப்பார். யாரும் எடுக்கவில்லையா, பர்தாவைச் சரிசெய்துகொண்டு எழுந்துவிடுவார்.

எல்லாரையும் மடக்குகிற கேள்வி ஒன்று கைவசம் உண்டு. "பொரட்டாசி மாசம் பாதி ஊரு கறி துன்றதில்ல. அந்த மாசம் ராயல்டிய வுட்டுக் குடுப்பியா? சப்போர்ட்டு சப்போர்ட்டுன்றியே, இதுக்கு இன்னா சப்போர்ட்டு?" பெங்களூரிலிருந்து வந்த ஓர் அதிகாரிக்குப் புரட்டாசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. பாவம், அக்காதான் அவருக்குப் பெருமாளிலிருந்து ஆரம்பித்து விளக்கினார்.

சும்மா சொல்லக் கூடாது, எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று பழகியவர். இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் புருஷனும் பெண்டாட்டியுமாகத் தள்ளுவண்டியில் சிக்கன் பக்கோடா போட்டார்கள். சட்டி அக்காவுக்கு, வாய் அவர் கணவர் காஜா பாய்க்கு. பாய் வாயை மூடி அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்களை மாமா, மச்சான், வாத்தியாரே என்று முறை வைத்துக் கூப்பிட்டு நிறுத்திவிடுவார். வாங்க வந்தவர்கள் வாங்கிய பிறகும் அவர் பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். அந்த நாளைப் பற்றிக் கேட்டால் அக்காவின் முகமே மாறிவிடுகிறது. "மழ பெஞ்சா வண்டிக்கு மேல தார்ப்பாய் கட்டுவோம். அதுக்குள்ள அத்தினி பேரும் நெருக்கிக்கினு நிப்பாங்கோ. இவரு பேசிக்கினே இருப்பாரு. ஒரு தபா நான் சிரிச்ச சிரிப்புல பக்கோடா கருகிப் போச்சி. அதையும் பேசியே வித்துட்டாரு."

மூன்று வருஷத்துக்கு முன்னால் பாய்க்குத் தொண்டையில் கட்டி. ஆபரேஷனில் உயிர் தப்பியது, குரல் போய்விட்டது. புகை ஆகாது என்று டாக்டர் சொன்னதில் வண்டியும் போனது. இப்போது பாய் ஜன்னலோரம் உட்கார்ந்து தெருவைப் பார்க்கிறார். யாராவது வந்தால் எழுந்து உள்ளறைக்குப் போய்விடுகிறார். அக்காவால் அதைத்தான் தாங்க முடியவில்லை. மெஷினில் பொரிக்கிற, புகை இல்லாத கடை, அதில் ஒரு கல்லா, நாலு பேர் வந்து போகிற வாசல். அவரை மறுபடி மனுஷர்களுக்கு நடுவில் உட்கார வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

எனவே செலவெல்லாம் பேசி முடித்த பிறகு, எங்க வூட்டுக்காரர் கல்லாவில் இருக்கலாமா, பேச்சு மட்டும் வராது என்பார். எல்லாக் கம்பெனியும் அங்கேதான் வழுக்கும். கல்லாவில் நிற்பவர், வருகிற ஒவ்வொருவரையும் கம்பெனி எழுதிக் கொடுத்த வார்த்தைகளில் வாய்விட்டு வரவேற்க வேண்டுமாம். எல்லாவற்றிலும் செலவு குறைந்த கம்பெனி ஒன்றில் கையெழுத்துப் போடச் சொல்லி முதாசிர் நச்சரித்தான். பாயைப் பின்னால் ஸ்டோர் ரூமில் உட்கார வைக்கலாம் என்றார்கள் அவர்கள். "குந்திக்கினு கெடக்கறதுக்கு வூடே போதும் தம்பி" என்று சொல்லிவிட்டு அக்கா வந்துவிட்டார்.

போன மாதம் காட்டாங்குளத்தூரில், கல்லூரிப் பிள்ளைகள் மொய்க்கும் ஒரு கடைக்குப் போனார். முதாசிர் சொன்னதைவிட இந்தக் கம்பெனிக்கு முன்பணம் இரண்டு லட்சம் கூடுதல். இந்த முறை பாயையும் கூடவே அழைத்துப் போயிருந்தார். ஏரியா மேனேஜர் ஹர்ஷா சின்னப் பெண். எல்லாம் கேட்டுவிட்டு, அங்கிள் கொஞ்ச நேரம் கல்லாவில் நின்று பார்க்கட்டுமே என்றாள்.

பாய் நின்றார். ஒல்லியாக ஒரு மாணவன் வந்தான். பாய் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. பையன் ஒரு பீஸ் போதும் என்றான். பாய் அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். அவன் உடம்பைக் காட்டி, ஒன்று போதாது என்று தலையை ஆட்டி, இரண்டு விரலை நீட்டினார். பையன் சிரித்துவிட்டு இரண்டு பீஸ் வாங்கிப் போனான். மூன்று வருஷமாகக் காணாமல் போயிருந்த ஆளை அக்கா அங்கே பார்த்தார்.

ஹர்ஷாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "கல்லாவுல அங்கிளே இருக்கட்டும், ஆன்ட்டி. ஆனா வர்றவங்கள வரவேற்கிற சத்தம் கேட்கணும், அது ரூல். பக்கத்துல நின்னு நீங்க சொல்லிடுங்க" என்றாள்.

அக்கா ஆடிப் போனார். அத்தனை கம்பெனி ஆட்களை உலுக்கி எடுத்த வாய்தான். ஆனால் வண்டி ஓடிய காலம் முழுக்க ஒரு ஆளைக்கூட அவர் கூப்பிட்டதில்லை. அது பாயின் வேலை. அதைத் தான் எடுத்துக்கொண்டால், அந்தக் குரல் இனி வராது என்று பாய் கண் முன்னாலேயே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு மாணவிகள் சிலர் உள்ளே வந்தார்கள். அக்கா செருமிப் பார்த்தார். சத்தம் எழவில்லை. பாய் திரும்பி அவரைப் பார்த்தார். பிறகு கல்லாவிலிருந்து ஒரு கையை எடுத்து, முதல் தடவை மேடை ஏறும் பிள்ளைக்குச் செய்வதுபோல, அக்காவின் முதுகில் மெல்லத் தட்டினார்.