இருபத்து நான்கு சதவீதம்

நார்வேயில் நான் வசிக்கும் ஊர் ஓஸ்லோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம். இங்கே பனிக்காலத்தில் எங்கள் கார் என்னைவிட முன்னால் எழுந்துவிடும். ஐந்தரை மணிக்கு, சார்ஜ் ஒயர் மாட்டியபடியே, தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளத் தொடங்கும். கண்ணாடியில் உறைந்திருந்த பனி உருகி வழியும். ஆறேகாலுக்கு நான் கையுறை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, கருவாடு மாதிரி விறைத்துக் கிடக்கும் ஒயரைக் கழற்றி, சுருட்ட வராமல் தமிழில் திட்டிக்கொண்டே ஓரமாகப் போடுவேன். அதே நேரத்தில் தெருவின் அநேக வாசல்களில் இதே வேலைதான் நடக்கும். ஒரு இன்ஜின் சத்தம் கேட்காது. பன்னிரண்டு வருடமாகியும் இந்தச் சத்தமில்லாத காலை எனக்குப் பழகவே மாட்டேன் என்கிறது. எங்கள் ஊர் நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி ரோட்டில் பஸ் ஹார்ன் கேட்கவில்லையென்றால் இன்றைக்கு ஏதோ பந்த் போலிருக்கிறது என்று நினைத்து வளர்ந்தவன் நான்.

ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், கரண்ட்டு கார் நமக்கெல்லாம் சரிப்பட்டு வருமா என்று. நான் உடனே பாடம் எடுக்க ஆரம்பித்துவிடுவேன். பெட்ரோல் செலவு மிச்சம், ஆயில் மாற்ற வேண்டாம், புகை இல்லை என்று அடுக்குவேன். அப்படி அடுக்கி அடுக்கித்தான் பீர்க்கன்கரணையில் இருக்கும் என் தங்கை ஹெப்சியை, அவர்களுடைய பழைய பெட்ரோல் காரை விற்றுவிட்டு ஒரு சின்ன மின்சாரக் கார் வாங்க வைத்தேன். அப்பா அவளோடுதான் இருக்கிறார். ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டதால் செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் குரோம்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு டயாலிசிஸுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே தூரம், ஒரே பாதை, இதற்கு மின்சாரக் காரைவிட வேறென்ன வேண்டும் என்று வாதாடினேன். அந்தக் காரின் செயலியை என் போனிலும் ஏற்றிக்கொண்டேன். ஏழாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருந்துகொண்டு அதில் எத்தனை சதவீதம் சார்ஜ் இருக்கிறது என்று பார்ப்பது எனக்கு ஒரு பெருமை.

ஹெப்சியின் வீட்டுக்காரர் சாம் மட்டும் கடைசி வரைக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. மறைமலை நகரில் கார்களுக்கு சைலென்சர் செய்யும் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். நான் செய்கிற பொருளே இல்லாத வண்டியை என் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்கிறீர்களே என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குள் வருத்தம் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் வாதத்தில் ஜெயித்துவிட்டேன்.

நான் ஊரில் யாரிடமும் சொல்லாத கதை ஒன்று உண்டு. மூன்று வருடத்துக்கு முன் ஒரு ஜனவரியில், மைனஸ் இருபத்திரண்டில், மலைப்பாதையில் பனி சரிந்து எங்கள் முன்னால் ரோட்டை அடைத்துவிட்டார்கள். காரில் நான், மனைவி, ஆறு வயது மகள். முப்பது சதவீதம் இருந்தது. ஹீட்டர் ஓட ஓட அந்த எண் கண் முன்னால் இறங்கியது. பதினொன்று ஆனதும் ஹீட்டரை அணைத்தேன். இருந்த ஜாக்கெட்டையெல்லாம் மகள் மேல் போர்த்திவிட்டு, அவள் உதட்டையும் அந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ரோடு திறந்து வீடு வந்து சேர்ந்தபோது நான்கு சதவீதம். பக்கத்து வீட்டு ஆர்னேவிடம் மட்டும் இதைச் சொன்னேன். உங்கள் ஊரில் எத்தனை டிகிரி இருக்கும் என்று கேட்டார். முப்பது, முப்பத்தைந்து என்றேன். அப்படியானால் அங்கே இந்தப் பயமே வேண்டாமே என்றார். உறைந்துபோய் வந்து நிற்கிறவனிடம் வெயிலைப் பற்றிக் கேலி பேசுகிறாரே என்று எனக்குக் கோபம் வந்தது. அவர் கேலி பேசவில்லை என்பது புரிய எனக்கு ஒரு டிசம்பர் தேவைப்பட்டது.

அந்த டிசம்பரில் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தேன். திங்கட்கிழமை சாயங்காலம் புயல் எச்சரிக்கை வந்தது. நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும், மழை வருகிறதென்றால் முதலில் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஏரி நிறைந்தால் தெருவில் கார் மிதக்கும். சாம் ராத்திரி பூராவும் சார்ஜ் போட்டுவிட்டு விடியற்காலையில் எடுத்துப் போகலாம் என்றார். அதற்குள் பாலத்தில் இடம் போய்விடும், இப்போதே எடுப்போம் என்று நான் அவசரப்படுத்தினேன். பெருங்களத்தூர் பாலத்தில் வரிசையாக நின்ற கார்களின் வாலில் எங்களுக்கு ஒரு இடம் கிடைத்தது. இடம் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் இறங்கும்போதுதான் எண்ணைப் பார்த்தேன். இருபத்து நான்கு.

அன்று இரவே பாதுகாப்புக்காகக் கரண்ட்டை நிறுத்திவிட்டார்கள். செவ்வாய்க்கிழமை தெருவில் இடுப்பளவு தண்ணீர், அப்பாவை வெளியே கொண்டுபோக வழியில்லை. டயாலிசிஸ் ஒருநாள் தவறிப்போனது. புதன்கிழமை அவர் கால் இரண்டும் வீங்கின. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுக்க உட்கார்ந்தே இருந்தார். வியாழக்கிழமை காலை தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம், உள்ளே வர நேரமாகும் என்றார்கள். இனியும் காத்திருக்கக் கூடாது என்று ஹெப்சி சொன்னாள். அப்பாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, நானும் சாமும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு பாலத்தை நோக்கித் தண்ணீரில் நடந்தோம். சாம் பாதி வழியில், என்னைப் பார்க்காமலே சொன்னார்.

“பெட்ரோல்னா ஒரு கேன்ல வாங்கிட்டு வந்து ஊத்திடலாம் மச்சான். கரண்ட்ட எதுல வாங்கிட்டு வர்றது?”

பாலத்தில் எங்கள் காருக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோவை நிறுத்திவிட்டு அதற்குள்ளேயே இரண்டு நாளாகக் குடியிருந்த அனகாபுத்தூர்க்காரர் ஒருவர் அப்பாவைக் காரில் ஏற்றக் கை கொடுத்தார்.

“இன்னா சார், கரண்ட்டு வண்டிய தண்ணில இட்டுகினு போறீங்க, ஷாக் அடிக்காதா? இரும்புலியூராண்ட நெறைய தண்ணி கீது, பாத்து போங்க.”

ஷாக் அடிக்காது என்று அவருக்கு விளக்க எனக்கு நேரமில்லை. எனக்கு வேறு பயம். பாலத்திலிருந்து குரோம்பேட்டை ஒன்பது கிலோமீட்டர்தான். ஆனால் பாலத்தின் கீழே ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் அசையாமல் நின்றுகொண்டிருந்தன. எத்தனை மணி நேரம் ஆகுமோ தெரியாது. அந்த நிமிடத்தில் நான் பெருங்களத்தூரில் இல்லை, மைனஸ் இருபத்திரண்டில் அந்த மலைப்பாதையில் இருந்தேன்.

வண்டியை நான்தான் ஓட்டுவேன் என்று பிடிவாதம் பிடித்து உட்கார்ந்தேன். அப்பா முன்சீட்டில், ஹெப்சியும் சாமும் பின்னால். முதல் வேலையாக ஏசியை அணைத்தேன். ஃபேனையும் அணைத்தேன். போன் சார்ஜ் போட்டிருந்த ஹெப்சியிடம் அதைக்கூடப் பிடுங்கச் சொன்னேன். வெளியே காற்றோடு மழை அடித்ததால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒன்றரைக் கிலோமீட்டர் நகர்ந்திருப்போம். நான்கு பேர் மூச்சில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது, நான் துணியால் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். உள்ளே புழுக்கம் தாங்க முடியவில்லை. அப்பா முன்னால் குனிந்து டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நான் எண்ணைப் பார்த்தேன். இருபத்திரண்டு.

“அண்ணா, அப்பாவால மூச்சு விட முடியல. ஏசிய போடு.”

“போட்டா ஆஸ்பத்திரி வரைக்கும் போய்ச் சேர மாட்டோம் ஹெப்சி.”

அவள் இரண்டு முறை கெஞ்சினாள். நான் இரண்டு முறையும் அதையே சொன்னேன். என் குரலில் இருந்த உறுதியை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. அப்பாவின் உதட்டு நிறம் மாறுவதை நான் பார்த்தேன். பார்த்தும், அவரைக் காப்பாற்றத்தான் இதைச் செய்கிறேன் என்று நம்பினேன். பின்னாலிருந்து சாமின் கை என் தோளைத் தாண்டி வந்தது. ஏசி பட்டனை அழுத்தியது.

“இது நார்வே இல்ல மச்சான்.”

குளிர்ந்த காற்று வந்தது, கண்ணாடி தெளிந்தது. எந்த நொடியும் எண் சரியப்போகிறது என்று நான் அதையே வெறித்துக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு இருபத்திரண்டாகவே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அசையவில்லை. மைனஸ் இருபத்திரண்டிலிருந்து பதினெட்டுக்குக் காற்றைச் சூடாக்குவது வேறு, மழை நாளில் முப்பதை இருபத்தைந்தாக்குவது வேறு. பள்ளிக்கூடப் பையனுக்குத் தெரியும் கணக்கு. ஊருக்கே பாடம் எடுத்த எனக்கு அது தோன்றவே இல்லை. அப்பா மெல்ல நிமிர்ந்து சீட்டில் சாய்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, விட்டு விட்டுச் சொன்னார்.

“நம்பர பாக்காத. ரோட்ட பாரு.”

இரும்புலியூரில் பாதிச் சக்கரம் தண்ணீர். எங்களுக்கு முன்னால் இரண்டு கார்கள் நின்றுபோய்க் கிடந்தன, ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சைலென்சர்ல தண்ணி ஏறியிருக்கும் என்றார் சாம். பிறகு, நம்ம வண்டியில அது இல்லையே என்று தனக்குத்தானே முணுமுணுத்தார். மெதுவாக, நிற்காமல் போங்கள் என்று எனக்கு வழி சொன்னார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். நான் வாதத்தில் ஜெயித்ததற்கான சந்தோஷம் ஒரு துளிகூட எனக்கு வரவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது கிளம்பி இரண்டரை மணி நேரம் ஆகியிருந்தது. பதினேழு சதவீதம் மிச்சம் இருந்தது. இன்னும் ஒரு மணி நேரம் தாமதமாகியிருந்தால் சிரமம் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். அந்தப் புழுக்கத்தில் நான் அப்பாவை வைத்திருந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி ஹெப்சி அவரிடம் எதுவும் சொல்லவில்லை. என்னிடமும் இன்றுவரை அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே யாராவது என்னிடம் மின்சாரக் கார் சரிப்பட்டு வருமா என்று கேட்டால் இப்போது முன்போல அடுக்க முடிவதில்லை. சனிக்கிழமையும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரவில்லை, காரில் மிச்சமிருந்த சார்ஜை நம்ப யாருக்கும் மனமில்லை. சாம் தன் நண்பரின் பெட்ரோல் காரைக் கேட்டு வாங்கி, சொன்னது போலவே ஒரு கேனில் பெட்ரோல் பிடித்து ஊற்றித்தான் அப்பாவை அழைத்துப் போனார். தண்ணீரைக் கடக்க ஒரு வண்டி உதவியது, கரண்ட் இல்லாத நாளுக்கு இன்னொரு வண்டி உதவியது. இரண்டும் இல்லாமல் வெறும் சாமர்த்தியத்தோடு மட்டும் வந்திருந்தவன் நான்தான். வெளிநாட்டில் கற்றதைச் சொந்த ஊருக்கு எடுத்துக்கொண்டு வரும் நம்மவர்களுக்கு ஒன்று சொல்ல ஆசைப்படுகிறேன். அறிவை மட்டும் எடுத்து வருவதாக நினைக்கிறோம், பயத்தையும் சேர்த்தே பெட்டியில் கட்டி வருகிறோம்.

இங்கே திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. என் போனில் இப்போதும் இரண்டு எண்கள். ஒன்று வாசலில் பனியில் நிற்கும் என் கார், மற்றது பீர்க்கன்கரணைக் கார். அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பதினொன்றரை மணிக்கு நேரம். அங்கே பத்தே முக்காலுக்கு வண்டி கிளம்பினால் இங்கே எனக்கு ஆறேகால். நூறு தொண்ணூற்றொன்பது ஆனால் அப்பா கிளம்பிவிட்டார் என்று அர்த்தம். சாயங்காலம் அது மறுபடி நூறாகிவிடும். போன் செய்து கேட்கலாம்தான். ஹெப்சி எடுத்து, சொல்லு அண்ணா என்று சொல்லும்போது அந்தக் குரலில் நான் எதையோ தேடுவேன், அதனால் எண்ணைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை இங்கே மைனஸ் பத்தொன்பது. ஆறேகாலுக்கு வாசலில் நின்று போனை எடுத்தேன். பீர்க்கன்கரணையில் நூறு. ஆறு இருபதுக்கும் நூறு. ஆறு இருபத்தைந்துக்கும் நூறு. கையுறையைக் கழற்றிய விரல்கள் மரத்துப்போயின. எதிர் வாசலில் தன் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த ஆர்னே, நான் காரருகே அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு, ஒயர் உறைந்துபோய் மாட்டிக்கொண்டதா என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெந்நீர் கொண்டுவரட்டுமா என்றார். வேண்டாம், கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்றேன். ஆறு முப்பத்தொன்றுக்குப் பீர்க்கன்கரணையில் தொண்ணூற்றொன்பது ஆனது. அதற்குப் பிறகுதான் என் காரின் ஒயரைக் கழற்றினேன்.