“மரத்துப் போச்சு” என்றாள்

நான் பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். என் தம்பி மனைவி கோகிலாவின் வலது கை இன்று தூக்க முடியாமல் கிடப்பதில் அந்தப் பொய்க்கும் பங்குண்டு.

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகல கார்மென்ட் ஆலையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவள் நான். சிங்களத்தில் சண்டையே போடுவேன் என்று பீற்றிக்கொள்வேன். நாவலப்பிட்டித் தோட்டத்தில் வளர்ந்த கோகிலாவுக்கோ சிங்களம் வராது. அவள் கர்ப்பமாயிருந்த ஏழாம் மாதம் அவளைக் கண்டியில் கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன்.

“தலவலி விடவே இல்ல மதினி. கையும் மரத்துப் போச்சுன்னு சொல்லுங்க,” என்றாள்.

தலைவலியைச் சொன்னேன். மரத்துப் போனதற்குச் சிங்களம்...? வரவில்லை! மரத்தைச் சொல்லும் ‘கஹ’தான் நாக்கில் வந்து நின்றது. வரிசையில் பின்னால் இரண்டு மொழியும் பேசும் மடவளை ஊர்ப் பெண்ணொருத்தி நின்றாள். கேட்டிருக்கலாம். சற்றுமுன்தான் தாதி என் சிங்களத்தைப் புகழ்ந்திருந்தாள்... எப்படிக் கேட்பேன்? “அத்த ரிதெனவா” என்றேன். கை வலிக்கிறதாம்!

பிரஷர் சரியாக இருந்தது. பிள்ளைத்தாய்ச்சிக்கு இதெல்லாம் வருவதுதான் என்று டாக்டர் மாத்திரை எழுதினார். நான் சொல்லிவிட்டேன் என்று கோகிலா நம்பினாள்.

மறுநாள் காலை தேங்காய் துருவும்போது சரிந்தாள். வாய் கோணி, பேச்சும் நின்றது. மூளையின் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருப்பதை ஸ்கேன் காட்டியது. கர்ப்பத்தில் இரத்தம் எளிதில் உறையும், தலைவலியோடு ஒரு பக்கம் மரத்துப்போனால் உடனே பார்க்க வேண்டும் என்று பெரிய டாக்டர் விளக்கினார். மரத்துப்போவதைச் சொல்லும் ‘ஹிரி’ என்ற சொல்லை அவர் வாயிலிருந்துதான் கற்றேன். முதல் நாளே தெரிந்திருந்தால் ஊசியை அன்றே தொடங்கியிருக்கலாம் என்றும் சொன்னார். தம்பிக்கு அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்... அந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

இரத்தம் மேலும் உறையாதிருக்க நாள்தோறும் ஊசி போட்டார்கள். பேச்சு திரும்பியது. பெண் குழந்தை நாள் நிறைந்து நலமாகப் பிறந்தது. கை மட்டும் திரும்பவில்லை.

ஏன் இன்னும் சொல்லவில்லை என்று கேட்கிறீர்களா? தம்பிக்குப் பயந்தா? இல்லை... கோகிலா என்மேல் வைத்திருக்கும் மதிப்பை இழக்க மனமில்லை. என் புத்தி அவ்வளவுதான்.

கைப் பயிற்சிக்கு இப்போதும் மாதம் ஒருமுறை போகவேண்டும். தம்பி கூப்பிட்டால் வரமாட்டாள்.

“மதினி வரட்டும்,” என்பாள். “அவங்கதான் ஒண்ணு விடாம சொல்லுவாங்க.”

நாளை கிளினிக். காலை ஏழு மணி பஸ்ஸுக்கு நான்தான் அவளோடு போகிறேன்.